தர்மபுரி மாவட்டக் கிராமங்களின் மக்கள்தொகை, பஸ் வசதி பற்றி இணையத்தில் வரும் விவரங்களை நம்பலாமா?

எனக்கு அரூர் வட்டம். எங்கள் பக்கத்து ஊர் எதைத் தேடினாலும் 2011 கணக்கெடுப்பின் எண்ணிக்கைதான் வரும். அது பொய்யில்லை. ஆனால் எந்த இடத்துக்கான எண்ணிக்கை, அதில் யார் யார் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

கணக்கெடுப்பில் கிராமம் என்பது வருவாய் கிராமம். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருவாய் கிராமத்துக்குள் நடு ஊர் இருக்கும், காலனி இருக்கும், அப்புறம் சுற்றிலும் கொட்டாய்கள். கிணறு இருக்கும் காட்டிலேயே பங்காளிகள் நாலைந்து குடும்பமாக வீடு கட்டிக்கொண்டால் அது ஒரு கொட்டாய். ஆகவே 2,000 பேர் என்று போட்டிருந்தால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பதாக நினைக்காதீர்கள். 'பஸ் வசதி உண்டு' என்பதும் நடு ஊருக்குத்தான். கொட்டாய்க்காரர்கள் மண் ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்துதான் பஸ் ஏற வேண்டும்.

அடுத்தது, யாரை எண்ணினார்கள் என்பது. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவரை அவர் இருந்த இடத்தில்தான் சேர்ப்பார்கள். எங்கள் ஊர்களில் பாதி இளவட்டம் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருக்கிறது. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, ஆள் மட்டும் அங்கே. மாரியம்மன் பண்டிகைக்கு வந்து பாருங்கள், ஊர் நிறைந்திருக்கும். மாவட்டத்தின் 15 லட்சம் பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிராமத்தில் என்பது 2011 கணக்கு. அந்த நான்கு பங்கையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

போக்குவரத்துக்கு வருவோம். பெரிய ரோட்டுக்குக் குறையில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் நடுவே போகிறது. மொரப்பூரில் சேலம், சென்னை ரயில்கள் நிற்கின்றன. அங்கிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்குப் போன குறுகிய பாதையை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கிவிட்டார்கள். மொரப்பூர் - தர்மபுரி புதுப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள்.

சிக்கல் எல்லாம் கூட்டுரோட்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள கடைசித் தூரத்தில். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒன்று. அதை விட்டால் ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு அரூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்கள், கண்கூடாகப் பார்க்கிறேன். பஸ் வராத ஊருக்கு அதனால் என்ன பயன்? பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டுப் பெட்டி கழுதை மேல் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த மலைக்காரர்கள் ரேஷன் அரிசியைக் கொண்டுபோனதும் அப்படித்தான்.

புது பஸ் கேட்டால் 'கலெக்‌ஷன் வராது, ஆள் இல்லை' என்று பதில் வருகிறது. இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. சாயங்கால பஸ் நேரத்தோடு போய்விடுவதால் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் உண்டு, குடும்பத்தோடு அரூரில் வாடகைக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் போனதையே ஆள் இல்லாததற்குக் கணக்குக் காட்டினால் எப்படி?

அடுத்த கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். உங்களுக்கு ஒரு ஊரின் இன்றைய நிலை தெரிய வேண்டுமென்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். ரேஷன் கடையில் எத்தனை கார்டு என்று கேளுங்கள், ஓட்டர் லிஸ்ட்டைப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரியுங்கள். பஸ் நேரத்தை டீக்கடையில் கேட்பதுதான் சரி. உங்கள் சொந்த ஊர் என்றால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் ஊரில் புது பஸ் கேட்கவில்லை, இருக்கிற சாயங்கால பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம்.