நாலு நாள்ல நிப்பாட்டின மாத்திரை

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்தெடுக்குறேன், வயசு 34. வீட்டுக்காரர் கொழும்புல கடையில வேலை, எப்பவாவதுதான் வருவார். கொஞ்ச மாசமா மலையில நிக்கிறப்பவே திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை மரத்துப்போகுது, செத்துருவேன்னு பயமா இருக்கு. ஈசிஜில ஒண்ணும் இல்லையாம். தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, இல்லாம போயிட்டா நல்லதுன்னுகூட தோணுது. ஆஸ்பத்திரி மனநல கிளினிக்ல செர்ட்ராலின் குடுத்தாங்க, கொமட்டிக்கிட்டே இருந்ததால நாலு நாள்ல நிப்பாட்டிட்டேன். மாமி இது யாரோ செஞ்ச வேலைன்னு சொல்றாங்க. திரும்ப கிளினிக்குப் போறதா வேணாமா?

பதில்: தங்கச்சி, மத்ததுக்கெல்லாம் முன்னாடி அந்த "இல்லாம போயிட்டா நல்லது"ன்னு எழுதினீங்களே அதைப் பேசிருவோம். அந்த நெனப்பு வர்றதால நீங்க கெட்டவங்களும் இல்ல, பைத்தியமும் இல்ல, மனச்சோர்வு இருக்கவங்களுக்கு இது நெறைய வருது, ஆனா எப்படி செய்றதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே யாரையாவது கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, ராத்திரியா இருந்தாலும் பரவாயில்ல. 1926க்கு போன் பண்ணலாம், அது தேசிய மனநல நிறுவனத்தோட லைன், தமிழ்லயே பேசலாம், 1333ன்னு இன்னொரு உதவி லைனும் இருக்கு. வீட்டுல மரக்கறிக்கு அடிக்கிற மருந்து போத்தல் இருந்தா இன்னைக்கே பக்கத்து வீட்டுல குடுத்து பூட்டி வைக்கச் சொல்லுங்க. இத சும்மா சொல்லல, நம்ம நாட்டுல ஆபத்தான சில பூச்சி மருந்துகள தடை பண்ணின பெறகுதான் தற்கொலை சாவு நல்லா கொறைஞ்சிச்சு, கோவத்துலயும் கவலையிலயும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்குறதுதான் ஆள கொல்லுது.

இப்ப கிளினிக் விஷயம். போங்க, கட்டாயம் போங்க. செர்ட்ராலின் மனச்சோர்வுக்கும் இந்த மாதிரி பயத்துக்கும் குடுக்குற மருந்து, பெரசிட்டமோல் மாதிரி போட்டவொடனே கேக்குற மாத்திரை இல்ல. மொத வாரம் ரெண்டு வாரம் கொமட்டும், தல வலிக்கும், வயிறு கலக்கும், சிலருக்கு படபடப்பே கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், நல்லது தெரியவே ரெண்டு மூணு வாரம் போகும், முழுசா தெரிய ஆறு வாரம்கூட ஆகும். நீங்க கெட்டதை மட்டும் பாத்துட்டு நல்லது வர்றதுக்கு முன்னாடி விட்டுட்டீங்க, ஒங்களை மட்டும் சொல்லல, நெறைய பேர் இந்த எடத்துலதான் விடுறாங்க. இத மொத நாளே எடுத்து சொல்லாதது டொக்டர்மார் பக்கத்து கொறைன்னுதான் நான் சொல்லுவேன், கிளினிக்ல கூட்டம்னா ரெண்டு நிமிஷத்துல துண்டு எழுதி அனுப்பிருவாங்க. நீங்க போய் நடந்தத அப்படியே சொல்லுங்க, கொறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு கூட்டலாம், சாப்பிட்ட பெறகு போடலாம், இல்ல வேற மாத்திரை மாத்துவாங்க. சுகம் வந்த பெறகும் ஒரு ஆறு மாசமாவது போடச் சொல்லுவாங்க, நிப்பாட்டுறப்பவும் டொக்டர் சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். இது போதை மாதிரி பழகிப்போற ஜாதி இல்ல. பழகுறது சில தூக்க மாத்திரைங்க, யாரோ குடுத்தாங்கன்னு அதை வாங்கி போடாதீங்க.

மலையில வர்றது பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற பயத் தாக்குதல். ஒடம்பு ஆபத்துன்னு நெனச்சு அட்ரினலின்ங்கிற சுரப்பை ரத்தத்துல கொட்டுது, நெஞ்சு வேகமா அடிக்குது, மூச்சு வேகமா வாங்குறதால ரத்தத்துல கார்பன்டயொக்சைட் கொறைஞ்சுதான் கையும் வாயை சுத்தியும் மரத்துப்போகுது. பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போய் தானாவே எறங்கும். வந்தா கூடையை எறக்கி வச்சிட்டு அந்த எடத்துலயே ஒக்காருங்க, நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி வெளிய விடுங்க, லயத்து வீட்டுக்கு ஓடாதீங்க. ஓடினா மனசு "ஓடினதாலதான் தப்பிச்சேன்"னு படிச்சுக்கும், அப்பறம் அந்த மலைக்கே போக முடியாது, பெறகு பஸ்ஸுல ஏற முடியாது, இந்த நோய் வளர்றதே அப்படித்தான். பக்கத்து நெரையில நம்பிக்கையான ஒருத்திகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பிளேன்டீயும் கொஞ்சம் கொறைங்க, தேயிலைக்குள்ளேயே இருக்கவங்களுக்கு இத சொல்றது பாவம்தான், ஆனா சாயம் கூடினா படபடப்பும் கூடும், தூக்கமும் போகும்.

மாமிகிட்ட சண்டை வேணாம். கோயில்ல நூல் கட்டணும்னா கட்டிக்கங்க, மாரியம்மாவும் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. சாமியாடி மாத்திரையை நிப்பாட்டச் சொன்னாலோ, காசு ஆயிரக்கணக்குல கேட்டாலோ மட்டும் எழும்பி வந்துருங்க.

கிளினிக் நாள்ல பேரு, அதான் அன்னைக்கு நாள் சம்பளம், போகும்னு யோசிப்பீங்க, தெரியும். ஆனா இப்ப இருக்குற நெலமையில கொழுந்து கிலோ கொறைஞ்சு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுற நாளையும் சேத்து கணக்கு பாருங்க. டொக்டருக்கு சிங்களம்தான் தெரியும்னா ஒங்களுக்கு இருக்குறதெல்லாம் முதல் நாளே ஒரு தாள்ல எழுதிக்கிட்டு, சிங்களம் நல்லா பேசுற, வாய் அடக்கமான ஒருத்தர கூட்டிக்கிட்டு போங்க. வீட்டுக்காரருக்கும் சொல்லிருங்க, கொழும்புல இருந்து அவர் பண்ணக்கூடியது தெனம் ராத்திரி ஒரு போன், வர்றப்ப ஒருதரம் ஒங்ககூட கிளினிக்குக்கு வர்றது.

அப்பறம் ரத்தம் செக் பண்ணச் சொல்லி கேளுங்க, ஹீமோகுளோபினும் தைரொய்டும். ரத்தம் கொறைஞ்சாலும் தைரொய்டு கூடினாலும் நெஞ்சு இதே மாதிரிதான் அடிக்கும், கிளினிக்ல பாக்காம விட்டிருந்தா பாத்துக்குறது நல்லது.