முதலில் மூச்சை விடும்

வணக்கம் ஐயா,

என் ஊர் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி. வயது 24. யூடியூப் பார்த்து ஆறு மாதமாக மூச்சுப் பயிற்சி செய்கிறேன். விடிய எழும்பிக் கடற்கரையில் இருந்து, இருபது நிமிடம் நெஞ்சு நிறைய வேகவேகமாக மூச்சை இழுப்பேன். விரல் நுனியும் உதடும் விறுவிறுக்கும், தலை இலேசாகும். பிறகு கடலில் முங்கினால் முந்தியைவிடக் கனநேரம் இருக்க முடிகிறது. யோகத்தில் சொல்கிற உதான வாயு, உடம்பில் மேல்நோக்கிப் போகும் அந்தக் காற்று, மேலேறுகிறது என்றுதானே அர்த்தம்? எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும்? மீன் சாப்பிடலாமா?

தம்பி,

முங்குவதை இன்றைக்கே நிறுத்தும். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

ஒட்சிசன் குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று நினைத்திருப்பீர். இல்லை. நாம் வெளியே விடுகிற காபனீரொட்சைட்டு உடம்பில் கூடும்போதுதான் மூளை நெருக்கத் தொடங்கும். வேகவேகமாக இழுத்து விட்டால் அது அளவுக்கு மீறி வெளியே போய்விடும். ஒட்சிசன் அப்படியொன்றும் அதிகமாகாது. எச்சரிக்கைதான் வராமல் போகும். தண்ணீருக்குள் முட்டல் வரும் முன்பே மயங்கிவிடுவீர். நல்ல நீச்சல்காரர்கள் ஆழமில்லாத தண்ணீரில் இப்படிச் செத்திருக்கிறார்கள். விரல் விறுவிறுப்பும் அதே காபனீரொட்சைட்டு குறைவதால் வருவதுதான். தலை இலேசாவது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால். இதற்கு உதானன் என்று பெயர் வைக்க உமக்கு யார் சொன்னது? சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சை மெதுவாகப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழகுகிறவனையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் சொல்கிறது. ஆறு மாதமாக நீர் புலியின் வாலை இழுத்துக்கொண்டிருக்கிறீர்.

திசை எதுவானால் என்ன? மீனைத் தாராளமாகச் சாப்பிடும்.

எனக்கு உறுத்தியது வேறு. கடிதம் முழுக்க இழுப்பதைத்தான் எழுதியிருக்கிறீர். விடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என் அம்மாவுக்குத் தொய்வு, ஆஸ்துமா என்பார்களே அதுதான். அந்த வருத்தத்தில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. சுருங்கிய குழாய்களுக்குள் பழைய காற்று அடைபட்டுக் கிடக்கும், புதுக் காற்றுக்கு இடமிராது. தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத மாரி இரவுகளில், முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு விறாந்தையில் குந்தியிருப்பார். கொஞ்சம் தள்ளிக் குப்பி விளக்கு. உதட்டைக் குவித்துச் சுடரைப் பார்த்து ஊதுவார், அணைப்பதற்கல்ல. சுடர் ஒரு பக்கம் சாய வேண்டும், சாய்ந்தபடியே நிற்க வேண்டும், துடிக்கக் கூடாது. பக்கத்தில் இருந்து நான் எண்ணுவேன். முதலில் மூன்று வரும், பிறகு ஐந்து. எட்டுக்கு வந்துவிட்டால் அன்றைக்கு இருவருக்கும் நித்திரை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதும் அப்படித்தான். கோட்டைக்குள் மான்கள் மேய்கிற இடத்தில் ஒரு தரம், மேலே ஏற்றத்தில் இன்னும் இரண்டு தரம் நிற்பார். இல்லாத விளக்கை ஊதுவார். பிறகு நடப்பார்.

பின்னாளில் திருமந்திரத்தை எடுத்தபோது பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32 என்ற கணக்கைக் கண்டேன். கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த 64இலேயே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் அடக்கலாம் என்று. 64 குரு பக்கத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டியது. 32ஐப் பாரும் தம்பி. இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு விடச் சொல்கிறார் திருமூலர். எனக்கு அந்தச் சுடர்தான் கண்ணில் நின்றது.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பாரும். இழுக்கும்போது நாடி விரையும், விடும்போது மெல்லத் தளரும். உம் வயதில் இது நன்றாகவே தெரியும். பிராணனைத் தேடுவதானால் அங்கே தொடங்கும்.

பத்து நிமிடம் போதும். நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடும், நடுவில் அடக்க வேண்டாம். தலை சுற்றினால் எழும்பிவிடும். பயிற்சி முடித்த கையோடு கடலில் இறங்காதேயும். ஒரு மாதம் கழித்து எழுதும், விரல் இன்னும் விறுவிறுக்கிறதா என்று.