நிலமெடுப்பு: கொங்கு உழவர்களின் கேள்விகளும் வழக்கறிஞரின் பதில்களும்

கேள்வி (காங்கேயம்): எங்கள் தோட்டத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தேசிய நெடுஞ்சாலைக்கான அறிவிக்கை வந்துள்ளது. நிலத்தைத் தர மறுக்க முடியுமா?

பதில்: சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமை என்ற நிலையை இழந்துவிட்டது, ஆயினும் சட்டத்தின் வழியாக அன்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு கூறுகிறது. ஆகவே, "தர மாட்டேன்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. "சட்டப்படி நடக்கவில்லை" என்பது நிற்கும். அறிவிக்கை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை முதலில் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் ஆட்சேபணைக்கு 21 நாள்தான். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் என்றால் 60 நாள். வாழ்வாதாரம் போய்விடும் என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள். அருகில் புறம்போக்கு இருக்கிறது, சாலையைச் சற்றுத் தள்ளினால் கிணறு தப்பும் என்று புல வரைபடத்துடன் எழுதிக் கொடுத்து, நேரில் விசாரிக்கவும் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

கேள்வி (பல்லடம்): வழிகாட்டி மதிப்பு மட்டும்தான் கிடைக்குமா ஐயா?

பதில்: இல்லை. பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் உயர்விலை கொண்ட பாதியின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பாகும். கிராமப்புற நிலமானால், நகரிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து அதனை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்குவார்கள். இத்துடன் மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையும் (கட்டாயமாக நிலம் எடுப்பதற்கான கூடுதல் இழப்பீடு) சேர்க்க வேண்டும். காரணி 1 என்றே வைத்தாலும், 30 லட்சம் மதிப்புள்ள ஏக்கரில் 4 லட்சத்துக்கு மரமும் கிணறும் இருந்தால் 68 லட்சம் வர வேண்டும்; சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் தொகை தனி. நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கும் ஆறுதல் தொகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துள்ளது.

முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் பத்திரம் போடும் நம் ஊர்ப் பழக்கம், அந்தச் சராசரியைக் குறைத்து இங்கேதான் திருப்பி அடிக்கிறது. மரக் கணக்கெடுப்பு நடக்கும்போது நீங்களே உடன் நில்லுங்கள். காய்க்கும் தென்னையைக் கன்று என்று எழுதிவிட்டாலும், போர்வெல்லின் ஆழம், சொட்டுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவை விடுபட்டாலும், பின்னால் அவற்றைச் சேர்ப்பது பெரும்பாடு.

கேள்வி (பெருந்துறை): சாலைக்கு ஒருபுறம் கிணறும் மறுபுறம் விளைநிலமுமாகத் தோட்டம் பிரிகிறது. எடுக்காத பகுதிக்கு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மீதி நிலம் துண்டுபட்டதால் வரும் இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. புதுக் கிணறு, குழாய் பதிப்பு ஆகியவற்றுக்கான மதிப்பீட்டைப் பொறியாளரிடம் பெற்று, விசாரணையின்போதே தாக்கல் செய்யுங்கள். கேட்காதவருக்கு இதை யாரும் தருவதில்லை.

கேள்வி (பொள்ளாச்சி): பணத்தை வாங்கிக்கொண்டால் கூடுதல் இழப்பீடு கேட்க முடியாதா?

பதில்: "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டு வாங்கலாம், அவ்வாறு எழுதாமல் வாங்கினால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்யும் உரிமை போய்விடும். தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) அறிவிக்கும்போது நேரில் இருந்தவருக்கு மனுவுக்கான கெடு ஆறு வாரம். நெடுஞ்சாலைச் சட்டத்திலோ, கூடுதல் இழப்பீடு கேட்டு நடுவரிடம் (ஆர்பிட்ரேட்டர்) செல்ல வேண்டும்.

கேள்வி (கரூர்): உயர்மின் கோபுரம் அமைத்தால் நிலம் அரசுக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு உயர்மின் தடம் வந்தபோது நம் பகுதியில் பலரைக் குழப்பியது இதுவே. மின்தடங்களுக்கும் பொருந்தும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே எடுக்கப்படுகிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நீங்கள் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டு வேலையை நடத்தலாம். தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பின் இருமடங்கும், கம்பி செல்லும் பாதைக்கு 30 சதவீதமும் தரலாம் என்பது மத்திய அரசு 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல். அந்த மனுவில் இதைக் கட்டாயம் எடுத்துக்காட்டுங்கள்.