ஆவணம் காட்டச் சொன்ன உத்தரவைக் கண்டுக்காம விட்டா?

பாபநாசம் பக்கத்து வயல் வழக்கில், குத்தகை ரசீதுகளைக் காட்டச் சொல்லி முன்சிப் கோர்ட் கொடுத்த கெடு தாண்டி மூணு வாரம் ஆச்சு, நீங்க பிரதிவாதி (வழக்கை எதிர்கொள்றவர்), இனி என்ன ஆகும்னு கேட்டு எழுதியிருக்கீங்க. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 11 விதி 21-ன்படி எதிராளி மனு போட்டா உங்க எதிர்வாதத்தையே கோர்ட் நீக்கலாம். (வழக்குப் போட்ட வாதி இப்படிச் செஞ்சா வழக்கே தள்ளுபடி ஆகலாம், அப்படி ஆனா அதே காரணத்துக்குப் புது வழக்கும் போட முடியாது.)

வேணும்னே இழுத்தடிக்கிறதாத் தெரிஞ்சாத்தான் பொதுவா அந்த அளவுக்குப் போவாங்க. அதனால அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்காம கால நீட்டிப்பு மனு போடுங்க. அதோட வைக்கிற அபிடவிட்ல (சத்தியப் பிரமாண வாக்குமூலம்), எந்த வருஷக் குறுவை ரசீது, எந்தத் தாளடி ரசீது கையில இருக்கு, எது தொலைஞ்சது, கடைசியா யார்கிட்ட இருந்ததுன்னு ஒவ்வொண்ணா எழுதணும். "கிடைக்கலை"ன்னு ஒத்தை வரி எடுபடாது. எதிர்வாதம் நீங்கிட்டா, அதே சட்டத்தோட ஆணை 43-ல அப்பீல் உண்டு. மாவட்ட அளவிலான கோர்ட்டுல அப்பீல் போட 30 நாள்தான் கெடு.