ஃபாஸ்டர் குழந்தைகளும் மனநல மருந்துகளும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மனநல மருத்துவரின் பதில்கள்

பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு தற்காலிகமாக வேறு குடும்பத்தில் வளர்க்க விடும் ஃபாஸ்டர் முறையில் எங்களிடம் வந்திருக்கும் ஒன்பது வயதுப் பையன் நான்கு மருந்துப் புட்டிகளோடு வந்தான். இத்தனை தேவையா? நிறுத்திவிடலாமா? (சான் ஹோசே)

நீங்களாக ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள். குளோனிடின் போன்ற மருந்தைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., ஐந்து மாநிலங்களின் 2008ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2011இல் அறிக்கை தந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் உள்ள மற்ற பிள்ளைகளைவிட ஃபாஸ்டர் பிள்ளைகளுக்கு மனநல மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிகம் எழுதப்பட்டிருந்தன. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளின் மனக்காயம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் வீடு மாறும்போதெல்லாம் டாக்டரும் மாறுகிறார். முந்தைய மருந்து எதற்கென்று தெரியாமல் அதை நிறுத்தத் தயங்குகிறார்; புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார். முழுக் கதையும் தெரிந்த பெரியவர் ஒருவர்கூட அந்தக் குழந்தைக்கு இல்லை. என் பார்வையில் நோயைவிட இதுதான் ஆபத்து. அந்தப் பெரியவராக நீங்கள் இருங்கள். புட்டி புட்டியாக எடுத்து, யார் எழுதியது, எப்போது, எதற்கு, குணம் தெரிந்ததா என்று நோட்டில் எழுதி டாக்டர் முன் வையுங்கள். எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாநிலமும் இம்மருந்துகளைக் கண்காணிக்க விதிமுறை வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் 2011ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பையன் ராத்திரியில் ஃபிரிட்ஜைத் திறந்து சாப்பிடுகிறான். பேன்ட் எதுவும் ஏறவில்லை.

அது அந்த மருந்து கிளப்பும் பசி. பிள்ளையைத் திட்டாதீர்கள். எடை, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் மருந்து தொடங்கும் முன்பும், சுமார் மூன்று மாதத்திலும், பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கு ஐந்து வயதிலிருந்து இதற்கு அனுமதி உண்டு. வெறும் தூக்கத்துக்கும் கோபத்துக்கும் என்றால், மனக்காயத்துக்கான பேச்சு சிகிச்சை ஏன் முதலில் தரப்படவில்லை என்று கேட்காமல் விடாதீர்கள்.

டெக்சாஸில் ஃபாஸ்டர் பிள்ளைக்கு மருந்து கொடுக்கச் சம்மதம் சொல்வது யார்?

கோர்ட் வழியாக நியமிக்கப்படும் 'மெடிக்கல் கன்சென்டர்', அதாவது பிள்ளையின் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் பொறுப்பாளர். பயிற்சி முடித்தால் நீங்களே அந்தப் பொறுப்பில் இருக்கலாம். மருந்து எழுதியவரை 90 நாளுக்கு ஒருமுறையாவது பிள்ளை பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

பதினான்கு வயதுப் பெண் மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து துப்பிவிடுகிறாள். கலிபோர்னியாவில் இருக்கிறோம், மருந்து கொடுக்க ஜட்ஜ் உத்தரவு இருக்கிறதே?

உத்தரவு இருப்பதால் வாயைத் திறந்து போட வேண்டும் என்றில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவளிடம் நிதானமாகக் கேளுங்கள். பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது, கை நடுங்குகிறது என்பாள். பெரும்பாலும் அது உண்மையாக இருக்கும். டாக்டரிடம் மறைக்காதீர்கள். துப்பியது தெரியாமல் அவர் டோஸை ஏற்றிவிடுவார். அந்த உத்தரவு அதிகபட்சம் 180 நாள்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கக் கோர்ட்டில் அடுத்த மனு போடும்போது பிள்ளை தன் கருத்தைச் சொல்ல ஜேவி-218 என்ற படிவமும், நீங்கள் கண்டதைச் சொல்ல ஜேவி-219 என்ற படிவமும் உண்டு. அவள் வார்த்தையிலேயே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.