பாக்கி 9 பர்சென்ட் யாருக்கு?

கேள்வி: உலகம் பூரா கம்பெனிங்களுக்கு குறைஞ்சது 15% வரின்னு சொல்றாங்களே சார், எங்களுக்கு ரெண்டு நாட்டுல ஆபீஸ் இருக்கு, ஆனா மொத்தமே முப்பது பேருதான். நாங்களும் கட்டணுமா?

பதில்: நிம்மதியா தூங்குங்க, அது உங்க பக்கம் எட்டிக்கூட பாக்காது. குரூப்போட, அதாவது தாய் கம்பெனியும் அதுக்குக் கீழ இருக்கிற கம்பெனிங்களும் சேத்து, மொத்த வருமானம் (லாபம் இல்லீங்க, வருமானம்) முந்தின நாலு வருஷத்துல ரெண்டு வருஷமாச்சும் 75 கோடி யூரோவத் தொட்டிருந்தாதான் இந்த விதிக்குள்ளயே வருவீங்க. முப்பது பேர வச்சு அவ்ளோ சம்பாதிக்கிறவரா இருந்தா இந்தக் கேள்விய என்கிட்ட கேட்டிருக்க மாட்டீங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, நாளைக்கே ஒரு பெரிய குரூப் உங்க கம்பெனிய வாங்கிருச்சுன்னா அவங்க கணக்குல நீங்களும் சேத்தி.

கேள்வி: ஒரு நாடு "எங்களுக்கு 6% போதும்"னு சொன்னா மத்த நாட்டுக்காரங்க அதுல எப்படி மூக்க நுழைக்க முடியும்?

பதில்: எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். 2021 அக்டோபர்ல ஓஇசிடிங்கற பணக்கார நாடுங்களோட பொருளாதார அமைப்பு தலைமைல 136 நாடு ஒத்துக்கிட்டது "எல்லாரும் ரேட்ட 15 ஆக்குங்க"ன்னு இல்ல. நீ 6 வாங்கிக்கோ, 2 வாங்கிக்கோ, ஒண்ணுமே வாங்காமயும் இரு, ஆனா 15க்கு எவ்ளோ குறையுதோ அத வேற யாராச்சும் வசூல் பண்ணிப்பாங்க, அவ்ளோதான் விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு நாட்டுல குரூப்புக்கு 10 கோடி யூரோ லாபம், கட்டின வரி 6%. அங்க சம்பளம் 2 கோடி, மெஷின் கட்டடம் எல்லாம் சேத்து 3 கோடி. நெஜமாவே ஆள் வச்சு தொழில் பண்றதுக்காக ஒரு கழிவு உண்டு, ஆரம்பத்துல சம்பளத்துல 10, சொத்துல 8 பர்சென்ட்னு வச்சாங்க, வருஷா வருஷம் குறைஞ்சு 2033ல ரெண்டும் 5ல வந்து நிக்கும். அந்த 5-ஐயே எடுத்துப்போம்: 25 லட்சம் கழிஞ்சு மிச்சம் 9.75 கோடி. அதுக்கு குறையுற 9 பர்சென்ட்டப் போட்டா 87.75 லட்சம் யூரோ. இத யாரு வாங்குறது? முதல் உரிமை அந்த நாட்டுக்கே, உள்நாட்டு டாப்-அப் வரின்னு (15க்கு குறையுறத தானே வாங்கிக்கிற வரி) ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தா. போடலையா, தாய் கம்பெனி இருக்கிற நாடு வாங்கிக்கும். அதுவும் வாங்கலன்னா குரூப்புக்கு ஆபீஸும் ஆளும் இருக்கிற மத்த நாடுங்க பங்கு போட்டுக்கும். வரிச்சலுகை கொடுத்த நாடு கைய கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும், கம்பெனிக்கும் அதுல ஒரு பைசா லாபம் இல்ல.

அதான் காலகாலமா கம்பெனி வரியே இல்லாத பெர்முடா கூட 2025ல இருந்து பெரிய குரூப்புங்களுக்கு 15% போட்டிருக்கு. 12.5% ரேட்ட வச்சே உலகத்த இழுத்த அயர்லாந்தும் 2024ல இருந்து பெரியவங்ககிட்ட 15 வாங்குது. எப்படியும் போகப்போற காசு, நம்ம கஜானாவுக்கே வரட்டும்னுதான்.

கேள்வி: வரி பாக்கிய வாங்கிக்கோன்னு சொல்லியும் வேணாம்னு சொன்ன நாடு உண்டாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், அந்த அயர்லாந்தேதான். ஆப்பிள்கிட்ட 1,300 கோடி யூரோ வசூல் பண்ணுங்கன்னு ஐரோப்பிய கமிஷன் 2016ல உத்தரவு போட்டுச்சு. ஐரோப்பா விற்பனை லாபத்துல பெரும்பகுதி ஒரு "ஹெட் ஆபீஸ்" கணக்குக்குப் போச்சு, அந்த ஹெட் ஆபீஸுக்கு கட்டடமும் கிடையாது ஆளும் கிடையாது, பேப்பர்ல மட்டும் இருந்துச்சுன்னு கமிஷன் சொன்னது. 2014ல ஆப்பிளோட அந்த அயர்லாந்து கம்பெனி கட்டின நிஜ ரேட் 0.005%, அதாவது பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ! அயர்லாந்து காச வாங்காம ஆப்பிளோட சேந்து கோர்ட்டுக்குப் போச்சு, 2020ல ஜெயிச்சாங்க, 2024 செப்டம்பர்ல மேல்கோர்ட் கமிஷன் பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு, கடைசில வேண்டாத காச வாங்கித்தான் ஆகணும்னு ஆச்சு. கோடி கோடியா வேணாம்னு சொல்றவங்கள பாத்தா நமக்கு மயக்கமே வருது, ஆனா அவங்க பயந்தது அந்தக் காச விட அங்க இருக்கிற கம்பெனிங்க மூட்டை கட்டிருமோன்னுதான்.

கேள்வி: அமெரிக்கா வெளிய போயிட்டா எல்லாம் புஸ்ஸுன்னு ஆயிடாதா?

பதில்: முழுசா ஆகல. 2025 ஜனவரில ட்ரம்ப் பதவியேத்த அன்னிக்கே இந்த ஒப்பந்தம் எங்களக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டாரு, ஜூன்ல ஜி7ங்கற ஏழு பணக்கார நாடுங்க இறங்கி வந்துச்சு. அமெரிக்காவுல தாய் கம்பெனி இருக்கிற குரூப்புங்கள அவங்க சொந்த விதிப்படி விட்டுடலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா தொழில் நடக்குற நாடு போடுற உள்நாட்டு டாப்-அப் வரி இருக்கே, அதுல இருந்து அவங்களுக்கும் விலக்கு இல்ல. என்னக் கேட்டா இது ஓரவஞ்சனைதான், ஆனா கட்டடம் இடியல. இடிஞ்சதுன்னா ஒப்பந்தத்தோட முதல் பாகம்தான் (இந்த 15% ரெண்டாவது பாகம்), பொருள் விக்கிற நாட்டுக்கும் லாபத்துல பங்குன்னு சொன்னாங்களே அது. 2023ல ஒப்பந்த வாசகம் வந்ததோட நிக்குது, அதுக்குள்ள பிரான்ஸ் 3%, பிரிட்டன் 2%னு பெரிய இணைய கம்பெனிங்க மேல டிஜிட்டல் வரி தனித்தனியா ஓடிக்கிட்டிருக்கு.

கேள்வி: அப்போ இனி நாடுங்க கம்பெனிய இழுக்க சலுகையே தராதா?

பதில்: தராம இருப்பாங்களா! ரூட்ட மாத்திட்டாங்க. 10 கோடி லாபம், 15% வரி 1.5 கோடி. 50 லட்சத்த வரில தள்ளுபடி பண்ணா நிஜ ரேட் 10 ஆயிரும், டாப்-அப்புல பெரும்பாலும் திரும்பப் போயிரும். அதே 50 லட்சத்த நாலு வருஷத்துக்குள்ள ரொக்கமா கொடுக்குற வரி கிரெடிட்டா (கட்ட வேண்டிய வரி இல்லன்னாலும் காசா கைக்கு வர்ற சலுகை) குடுத்தா விதிப்படி அது வருமானம். வரி 1.5 கோடியே, லாபம் 10.5 கோடி, ரேட் 14.3 கிட்ட வரும், டாப்-அப் மிஞ்சினா ஏழரை லட்சம். அதே காசுதான், எந்த கட்டத்துல எழுதுறோம்ங்கறதுதான் வித்தியாசம். இதுல காசு கையில இருக்கிற நாடுதான் ஜெயிக்கும், வரிச்சலுகைய மட்டும் நம்பியிருந்த ஏழை நாடு பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: காமர்ஸ் படிக்கிறேன் சார், இந்த ஃபீல்டுல வேலை இருக்கா?

பதில்: தாராளமா இருக்கு, ஆனா சட்டம் மட்டும் படிச்சா பத்தாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனியா நிஜ ரேட் கணக்கு போடணும், அதுக்கு வேண்டிய சம்பள விவரம் ஹெச்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர்ல இருக்கும், சொத்து விவரம் அக்கவுண்ட்ஸ்ல வேற ஒண்ணுல இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகாது. 2024 வருஷக் கணக்குக்கான முதல் ரிட்டர்னுக்கே 18 மாசம் டைம் கொடுத்து 2026 ஜூன் கடைசின்னு வச்சாங்கன்னா பாத்துக்கோங்க. எக்ஸெல்ல நல்லா கைய பழக்கி வைங்க.