ஒன்றுவிடாமல் கடைசிவரை பார்த்த தொடர்கள்

"முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை ஒன்றுகூட விடாமல் நீங்கள் பார்த்து முடித்த தொலைக்காட்சித் தொடர்கள் எவை?" என்ற கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோது, தொடங்கியவற்றின் பட்டியல் மிக நீளமாகவும் முடித்தவற்றின் பட்டியல் வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாகவும் இருப்பதைக் கண்டேன். முடித்தவை ஐந்தே ஐந்து. அவற்றிலும் ஒன்றை முடிக்காமலே விட்டிருக்கலாம். (எந்தத் தொடரின் முடிவையும் இங்கே போட்டு உடைக்கவில்லை.)

2019-இல் வந்த 'செர்னோபில்' மொத்தமே ஐந்து எபிசோடுகள் என்பதால், அதை முடித்ததில் என் பொறுமைக்குப் பெருமை ஏதும் இல்லை. அணு உலை ஏன் வெடித்தது என்பதைச் சிவப்பு, நீல அட்டைகளை மாற்றி மாற்றி வைத்து நீதிமன்றத்தில் விளக்கும் இறுதி எபிசோடுக்காகவே அதை இரண்டாம் முறையும் பார்த்தேன்.

உண்மையில் உழைத்து முடித்தது 'தி வயர்'. 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன்களாக, 60 எபிசோடுகளாக வந்த இந்தத் தொடரை நான் இருமுறை நான்காவது எபிசோடோடு கைவிட்டிருக்கிறேன். பால்டிமோர் நகரின் போதைப்பொருள் வியாபாரத்தையும் காவல்துறையையும் பற்றித் தொடங்கும் கதை, இரண்டாம் சீசனில் திடீரென்று துறைமுகத் தொழிலாளர்களிடம் போய்விடுகிறது. பழகிய முகங்களைத் தேடி எரிச்சலடைந்தேன். பிறகு நகர அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் அலுவலகம் என்று ஒவ்வொரு சீசனும் அந்நகரின் இன்னொரு கதவைத் திறக்கிறது. தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அதே நகரில் செய்தியாளராக இருந்தவர். அவருடன் இணைந்து எழுதிய எட் பர்ன்ஸ் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்துவிட்டுப் பின்னர் பள்ளி ஆசிரியரானவர். நான்கு சிறுவர்களைப் பின்தொடரும் நான்காம் சீசனில் அந்த அனுபவம் அப்படியே இறங்கியிருக்கிறது. நான் திரையில் பார்த்தவற்றில் அதற்கு மேலான ஒன்று இல்லை. தொடக்கப் பாடலை எப்போதும் தாண்டிவிடும் பழக்கம் எனக்கு இருந்ததால், ஒரே பாடல் ஒவ்வொரு சீசனிலும் வேறு குரலில் ஒலிக்கிறது என்பதும், நான்காம் சீசனில் அதைப் பதின்வயதினர் பாடுகிறார்கள் என்பதும் மிகத் தாமதமாகவே தெரிந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் 'முழுமையாக' என்ற சொல்லே எனக்குப் பொருந்துமா என்பது ஐயம்தான்.

ஜெர்மானியத் தொடரான 'டார்க்' மூன்று சீசன்கள், 26 எபிசோடுகள். நான்கு குடும்பங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டே பார்த்தேன். கதையில் உலகம் அழியும் நாளாகக் குறிக்கப்படும் 27 ஜூன் 2020 அன்றே மூன்றாம் சீசனை வெளியிட்டார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு எழுதப்படும் தொடர்களே நம்மைக் கடைசிவரை இழுத்துச் செல்கின்றன என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது 'பிரேக்கிங் பேட்'. 62 எபிசோடுகள் கொண்ட இதன் ஐந்தாம் சீசன், ஒரு காரின் பின்பெட்டியில் கிடக்கும் இயந்திரத் துப்பாக்கியோடு தொடங்குகிறது. அதை எழுதியபோது அந்தத் துப்பாக்கி எதற்குப் பயன்படப்போகிறது என்பது தங்களுக்கே தெரியாது என்று அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பின்னர் சொல்லியிருக்கிறார். பார்ப்பவருக்கோ எல்லாம் முதலிலேயே தீர்மானித்தது போலத் தோன்றுகிறது. எனவே திட்டத்தைவிட, எழுதி வைத்த ஒவ்வொன்றுக்கும் கணக்குத் தீர்க்கும் பிடிவாதமே முக்கியம் என்று இப்போது எண்ணுகிறேன்.

முடிக்காமல் விட்டிருக்கலாம் என்று சொன்னது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. மூலமான நாவல் வரிசை முடிவதற்குள் தொடர் அதைத் தாண்டிவிட்டது; பத்துப் பத்தாக வந்த எபிசோடுகள் ஏழாம் சீசனில் ஏழாகவும் எட்டாம் சீசனில் ஆறாகவும் குறைந்தன. தொடக்கத்தில் பல எபிசோடுகளுக்கு நீண்ட பயணங்கள், பின்னர் இரண்டு காட்சிகளுக்கு இடையிலேயே முடிந்துபோயின. பாதிக் கிணறு தாண்டியவன் நிலையில் இருந்ததால் மட்டுமே 73-ஆவது எபிசோடு வரை போனேன்.

ஆறாவதாகச் சேர வேண்டியது 'தி சோப்ரானோஸ்'. அதன் 86 எபிசோடுகளில் 40 முடிந்திருக்கின்றன. கடைசிக் காட்சி எப்படி முடிகிறது என்பதை நண்பர் ஒருவர் ஆர்வமிகுதியால் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் எனக்கு அது விளங்கவில்லை என்பதால், மீதி 46-ஐயும் பார்ப்பதாக இருக்கிறேன்.